அப்பாவின் ஒரே ஆங்கில வினைச்சொல்

"அம்மா, பஸ் ஸ்டேஷனுக்கு நான் சென்ட் பண்றேன்லா" என்று மகன் கார்ச் சாவியை எடுத்தான். அந்தச் சொல்லைக் கேட்டதும் புக்கிட் செலம்பாவ் ரப்பர் தோட்டத்துச் செம்மண் பாதையில் அப்பாவின் மோட்டார் சைக்கிள் வரும் சத்தம் எனக்குள் கேட்டது.

அப்பாவிடம் இருந்த ஆங்கில வினைச்சொல் அது ஒன்றுதான். என்னைப் பள்ளியில் விடுவதும் சென்ட், உறைந்த ரப்பர் கட்டிப்பாலைக் கடையில் போடுவதும் சென்ட், பக்கத்து வீட்டு அக்காவைப் பிரசவத்துக்குச் சேர்த்ததும் சென்ட். அவர் சட்டையில் ரப்பர்பால் நாற்றம் போகவே போகாது. அந்த முதுகில்தான் முகத்தைப் புதைத்துக்கொண்டு போவேன். பள்ளி வாசலில் இறக்கிவிட்டும் கிளம்பமாட்டார்.

"நீ உள்ள போ. அப்புறம்தான் அப்பா போவேன்."

நான் இடைநிலைப்பள்ளியில் சேர்ந்த வருஷம் அப்பா இறந்துபோனார். பாடைக்குப் பின்னால் ஓடினேன். பெரியப்பா எங்கள் லயத்து வீட்டு வரிசையின் முனையில் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"பொம்பளப்புள்ள சுடுகாட்டுக்கு வரக்கூடாதும்மா. இங்கயே நில்லு."

எல்லாரையும் கொண்டுபோய் விட்டவரைப் பாதி வழி வரைக்கும்கூட என்னால் கொண்டுபோய் விட முடியவில்லை. கூட்டம் ரப்பர் மரங்களுக்குள் மறையும்வரை அங்கேயே நின்றேன்.

"என்னம்மா, போலாமா?" என்றான் மகன்.

"போலாம்யா. ஆனா நான் பஸ் ஏறுறவரைக்கும் நீ நில்லு."