முதல் வரி மட்டும்

நுவரெலியாவில், தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களைத் திருத்திக் கொடுக்கும் அலுவலகம் ஒன்றில் கணினி வேலை பார்த்தேன். லயத்து ஆட்களின் முறைப்பாடுகள் மின்னஞ்சலில் குவியும். ஒவ்வொன்றாகத் திறந்து படிக்க யாருக்கும் நேரமில்லை. அதனால் ஒரு வடிகட்டி விதி எழுதினேன். எல்லாக் கடிதத்திலும் கட்டாயம் போட வேண்டிய ‘விவரம்’ என்ற சொல்லைத் தேடி, அதற்குப் பின்னால் இருப்பதை எடுத்து, பொறியியலாளர் பார்க்கும் பட்டியலில் அது ஒட்டிவிடும். ‘கூரை ஒழுகுகிறது’, ‘கதவு உடைந்துவிட்டது’ என்று நானே ஒற்றை வரியில் அனுப்பிச் சோதித்தேன். எல்லாம் சரியாக வந்தன. சந்தோஷத்தில் எனக்குத் தலை கால் புரியவில்லை.

வரி முடிந்ததும் என் விதி நின்றுவிடும் என்பதை நான் கவனிக்கவில்லை. எங்கள் ஆட்கள் முதல் வரியில் விஷயத்தை எழுதவே மாட்டார்கள். கூரை தலையில் விழுந்தாலும் முதலில் ஐயாவைக் கும்பிட வேண்டும். நானும் லயத்தில் பிறந்தவன்தான், அப்படி எழுதப் பழகியவன்தான். நாற்காலி கிடைத்ததும் மறந்துபோனேன்.

பட்டியல் முழுக்க வணக்கமாக நிறைந்தது. இவர்கள் சும்மா கும்பிடத்தான் எழுதுகிறார்களா என்று பொறியியலாளர் சிங்களத்தில் கேட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். எங்கள் ஆட்களே அப்படித்தான் என்றும் சொன்னேன். அதை நினைத்தால் இன்றும் என் வாயில் நானே அறைந்துகொள்ள வேண்டும்போல் இருக்கிறது. மூலக் கடிதம் ஒன்றைக்கூடத் திறக்காமல் அவற்றையெல்லாம் ‘முறைப்பாடு இல்லை’ என்ற பக்கத்துக்குத் தள்ளினேன்.

பிறகு அடைமழை பிடித்தது. கொத்மலைப் பக்கத் தோட்டமொன்றில், என் சித்தப்பா குடியிருந்த லயத்தின் பின்னால் இருந்த மண்மேடு சரிந்தது. அடுப்படியில் நின்ற சித்திக்கு இடுப்பெலும்பு நொறுங்கியது. இனிக் கொழுந்து பறிக்க அவர் மலையேற முடியாது என்று டொக்டர் சொல்லிவிட்டார்.

மண் சரியுமுன்பே சித்தப்பா எங்கள் அலுவலகத்துக்கு எழுதியிருந்தார் என்று கேள்விப்பட்டுத் தேடினேன். ‘முறைப்பாடு இல்லை’ பக்கத்தில்தான் கிடந்தது. ஹட்டன் கணினிக் கடையொன்றில் சொல்லிச் சொல்லி அடிப்பித்து அனுப்பிய கடிதம் அது.

‘விவரம்: கனம் ஐயா அவர்களின் மேலான சமூகத்திற்கு அடியேன் பணிவுடன் தெரிவித்துக்கொள்வது யாதெனில்,
லயத்துக்குப் பின்னால் மண்மேடு வெடித்திருக்கிறது.
மூன்று நாளாகச் சேற்றுத் தண்ணீர் கசிகிறது.
தயவுசெய்து வந்து பார்க்கவும்.’

என் விதி ‘யாதெனில்’ வரைக்கும் எடுத்திருந்தது. வரி முடிந்தாலும் நிற்காதே, கையொப்பம் வரை எடு என்று ஒரு சின்னத் திருத்தம் போதும். அன்றே செய்தேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

ஆஸ்பத்திரியில் சித்தியின் கட்டிலருகே சித்தப்பா உட்கார்ந்திருந்தார். உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். அவர் முந்திக்கொண்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

“நீ ஆபீஸ்ல இருக்கிற ஆளு, தெரியும்ல தம்பி. நான் எழுதுனதுல மரியாத ஏதும் கொறஞ்சுபோச்சா? அதான் ஐயாமாருங்க வரலையா?”

ஒன்றும் குறையவில்லை என்றேன். என் விதியைப் பற்றிச் சொல்லாமலே பஸ் ஏறிவிட்டேன்.