சோயா மொச்சைக்கு என்ன சத்து குறைச்சல்?

விவசாய இலாகாவில் வயல் உதவியாளர் வேலை என்பது, நமக்குப் பாதி புரிந்ததை அடுத்தவருக்கு முழுசாகப் புரியவைப்பது. அதில் மாட்டியவராக இருந்தால் இப்போதே தலையாட்டுவீர்கள்.

மண் எடுத்த அன்று

ஆந்திரா தனியாகப் பிரிந்து, எந்த ஊர் எந்தப் பக்கம் என்று இழுபறியாக இருந்த சமயம். புத்தூர் பக்கம் ஒரு கிராமத்தில் சோயா மொச்சை போட்டுப் பார்க்க என்னை அனுப்பினார்கள். அந்தச் செடியை நானே அதுவரை பார்த்ததில்லை. கன்னியப்பன் என்பவர், வேர்க்கடலை போடும் செம்மண் நிலத்தில் பாதியை என்னை நம்பி விட்டார். மெட்ராசுக்குச் சோதனைக்கு அனுப்ப மண்ணைத் தோண்டிப் பையில் கட்டினேன். அவர் மனைவி செங்கம்மா ஓடிவந்து பையைப் பிடித்துக்கொண்டார்.

"ஊரத்தான் பிரிக்கிறாங்கன்னு பார்த்தா, மண்ணக்கூட மெட்ராசுக்கு அள்ளிக்கினு போறியே சார்?"

இடுப்பளவு பச்சை

மண்ணில் இலை வளர்க்கும் தழைச்சத்தும் காய் பிடிக்கவைக்கும் மணிச்சத்தும் குறைவு என்றார் மேலதிகாரி. இலாகா உர டிப்போவில் தழைச்சத்துக்கான அம்மோனியம் சல்பேட்தான் நிறைய இருந்தது; அதையே தாராளமாகப் போடச் சொன்னேன். மணிச்சத்துக்கான சூப்பர் பாஸ்பேட் கொஞ்சம்தான் கிடைத்தது. ஓரத்தில் ஒரு துண்டுக்கு அதை மட்டும் போட்டோம்; அங்கே அம்மோனியம் சல்பேட் போடவில்லை.

பயிர் இடுப்புயரம் எழும்பியது. வழியில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். பூத்தது, பூவெல்லாம் உதிர்ந்தது. இலையை விலக்கினால் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் காய். மேலதிகாரியிடம் ஓடினேன். "தழைச்சத்து ஜாஸ்தி" என்றார். குறைவு என்று சொன்னவரும் அவரேதான். கன்னியப்பன் திட்டியிருந்தால் தேவலை. மெதுவாகத்தான் கேட்டார்:

"மாட்டுக்குத் தீனி ஆச்சு சார். நாங்க இன்னா துன்றது?"

குட்டைத் துண்டு

ஓரத்துத் துண்டு முழங்காலையே தாண்டவில்லை. ஆட்டை மேய விட்டுவிடலாம் என்றார் செங்கம்மா. "கொஞ்சம் பொறுங்கம்மா" என்றேன். எதற்கு என்று எனக்கே தெரியாது. பறித்தபோது அதில்தான் கொத்துக் கொத்தாகக் காய்!

அடுத்த தடவை மணிச்சத்தை அடியுரமாகப் போட்டு, தழைச்சத்தைக் குறைத்தோம். போட்ட இடமெல்லாம் காய்த்தது. கன்னியப்பன் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

மறுநாள் அவர்கள் வீட்டுக்குப் போனால், காலையில் அடுப்பேற்றிய சோயா சாயங்காலமும் கொதித்துக்கொண்டிருந்தது. செங்கம்மா ஒரு மணியை நசுக்கிப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"வெளையறதுக்கு இன்னா போடணும்னு சொல்லிட்ட. வேகறதுக்கு இன்னா போடணும் சார்?"

பயிருக்குப் பத்தாதது எது என்று ஒருவழியாகப் பிடிபட்டது; எனக்குப் பத்தாதது எது என்றுதான் இன்னும் பிடிபடவில்லை.