அப்பா போகாத போட்டி

அப்பா இறந்தபோது விழுப்புரத்தில் எங்கள் வீட்டு வாசலில் உறவுக்காரர்களைவிடப் பூப்பந்து ஆடுகிறவர்கள்தான் அதிகம் நின்றார்கள். அவர் ஆலையில் ஃபிட்டர். வேலை முடிந்த பிறகு ஆடியே மாவட்ட அணிக்குக் கேப்டன் ஆனவர்.

அவரோடு ஆடிய திண்டிவனத்துக்காரர் ஒருவர், அப்பா மாநில அணிக்குத் தேர்வான வருடத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். அது எனக்கும் நினைவிருக்கிறது. போட்டிக்குக் கிளம்பும் சமயத்தில் அம்மா பஸ்ஸிலிருந்து விழுந்து தொடை எலும்பை முறித்துக்கொண்டாள். அணிக்காரர்கள் வீட்டுக்கே வந்துவிட்டார்கள்.

"ஆளு வெச்சிப் பாத்துக்கலாம்ண்ணே, நீங்க வாங்க."

"அவ எழுந்து நடக்கட்டும். அதுவரைக்கும் நான் எங்கயும் வரல" என்றார் அப்பா.

அவரே சமைத்தார், அம்மாவைக் குளிப்பாட்டினார், எனக்கு ஜடை பின்னினார். கோணல் ஜடையோடு நான் பள்ளிக்கூடம் போய்வந்தேன். அணி கோப்பையோடு திரும்பியது. அப்பாவை மறுபடி மாநில அணிக்கு யாரும் கூப்பிடவில்லை. உள்ளூர் மைதானத்தில் மட்டும் கடைசிவரை ஆடினார்.

"அதுல அவருக்கு வருத்தமே இல்லம்மா" என்றார் திண்டிவனத்துக்காரர்.

அம்மா நிமிர்ந்து பார்த்தாள்.

"யாரு சொன்னது? நீங்க கோப்பையோட வந்த அன்னிக்கு, சமையல்கட்டுல நின்னு அழுதுக்கினு இருந்தாரு. நான் கட்டில்லருந்து பாத்துக்கினுதான் இருந்தேன். அப்புறம் மூஞ்ச கழுவிக்கினு வந்து எனக்குக் கஞ்சி ஊத்துனாரு."

அதை அவள் அதுவரை என்னிடம்கூடச் சொன்னதில்லை.