புளியங்கொழுந்து வந்த வாரம்

இருமலுக்குத் தறிக்கூடத்துப் பஞ்சுத்தூசிதான் காரணம் என்று இரண்டு மாதம் ஓட்டினேன். நகரியில் விசைத்தறி ஓட்டுகிற எல்லோரும்தான் இருமுகிறோம். ஒருநாள் சளியில் ரத்தம் வந்தது. திருப்பதி ஆஸ்பத்திரியில் சளியைச் சோதித்துக் காசநோய் (நுரையீரலை அரிக்கும் கிருமித்தொற்று) என்றார்கள். ஆறு மாதம் மாத்திரை.

முதல் நாளே சிறுநீர் செம்மண் தண்ணீராகப் போனது. அலறிவிட்டேன். அது மருந்தின் நிறம்தான், நீங்கள் பயப்படாதீர்கள்.

பயப்பட வேண்டியது வேறு. பசி செத்துவிட்டது. எங்கள் பக்கம் மருந்து என்றால் பத்தியம் (சில உணவுகளை விலக்குவது) உண்டு. புளி மருந்தை முறிக்கும் என்பார்கள். என் வீட்டுக்காரரோ பத்தியத்துக்குப் போலீஸ். புளி, தக்காளி, எலுமிச்சை, மோர் எதுவும் வீட்டுக்குள் வரவில்லை. தினமும் எனக்குக் குழைந்த சோறும் பருப்புத் தண்ணீரும்தான்; அவருக்குப் பகல் சாப்பாடு தறிக்கூடத்தில். ஈரத்துணியை மெல்வது போலிருக்கும்.

இரண்டாம் மாதம் டாக்டரம்மா எடையைப் பார்த்து முகம் சுளித்தார். அவர் தெலுங்குக்காரர்.

“இப்டியே எறங்கினா உடம்பு தாங்காதும்மா. இன்னா துன்றே?”

சொன்னேன். அவர் என் வீட்டுக்காரர் பக்கம் திரும்பினார். “புளி துன்னா மாத்திரை முறியும்னு எவரு செப்பினாரு?”

“எல்லாரும் சொல்றதுதான் மேடம்.”

“இதுக்கு அந்தப் பத்தியம் கெடையாது. இப்போ சிந்தசிகுரு வந்துக்கீது, பருப்புல போட்டுக் குடு. மாத்திரைய மட்டும் ஒருநாளும் உடாதே.”

சிந்தசிகுரு என்றால் புளியங்கொழுந்து. ஊர் திரும்பும்போது பஸ் ஜன்னல் வழியே பார்த்தேன். போன வாரம் வரை தூசியோடு நின்ற புளியமரங்கள் நுனியெல்லாம் இளஞ்சிவப்பாய்த் துளிர்த்திருந்தன. சொட்டு மழையில்லை, வெயில் கொளுத்துகிறது. இவ்வளவு ஈரத்தை எங்கிருந்துதான் எடுத்தனவோ! கும்பிட வேண்டும் போலிருந்தது.

மறுநாள் காலை வீட்டுக்காரர் தொரட்டியோடு போய்த் துண்டு நிறையப் பறித்து வந்தார். அலசி, உள்ளங்கையில் கசக்கி, காய்ந்த மிளகாயோடு வதக்கிப் பருப்பில் சேர்த்தார்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். என் நோயைத் தீர்த்தது அந்த ஆறு மாத மாத்திரைதான். கொழுந்து செய்தது வேறு.

முதல் வாயிலேயே தாடை இரண்டும் சுரீர் என்றன. வாய் முழுக்க நீர் ஊறியது. யாரும் சொல்லாமல், என்னைக் கேட்காமல், உடம்பு தானாக எழுந்துகொண்டது. அழுதுவிட்டேன்.

“இன்னாமே, காரமா?”

“இல்ல. இன்னும் போடுங்க.”

அதுவரை மீதி மாத்திரையை எண்ணித்தான் நாள் கழித்தேன். இந்தக் கொழுந்து பத்து நாளில் முற்றிவிடும், அப்புறம் அடுத்த பங்குனிக்குத்தான் என்று நினைத்தபோது, அடுத்த பங்குனிக்கு நானும் இருப்பேன் என்று தோன்றியது.

பிறகு அவர் தனக்குப் போட்டுக்கொண்டார். ஒரு கவளம் வாயில் வைத்ததும் கண்ணை இறுக்கி மூடித் தோளைக் குலுக்கினார்.

“நீங்க தறியாண்ட தெனமும் புளிக்கொழம்புதானே துன்னீங்க?”

“எங்க துன்னேன்? நீ துன்னாதது எனுக்கு மட்டும் இன்னாத்துக்குன்னு உட்டுட்டேன்.”

இரண்டு மாதமாக என் கை, என் கன்னம் என்று என்னையேதான் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தேன். எதிரே உட்கார்ந்திருந்தவரின் துருத்திய கழுத்தெலும்பை அன்றுதான் பார்த்தேன்.