வயிற்று வலி இல்லை

கரிக்கலாம்பாக்கத்தில் எங்கள் பால் சொசைட்டிக்கு ஓர் அம்மா பால் ஊற்ற வருவார். ஒல்லியான உடம்பு, கடுகடுத்த முகம். வரிசையில் யாராவது சிரித்துப் பேசினால் கேனைத் தரையில் நங்கென்று வைப்பார். அவருடைய மகன் தற்கொலை செய்துகொண்டு அப்போது ஒரு வருடம்கூட ஆகவில்லை.

ஒருநாள் ஊருக்குப் புதிதாக வந்த ஒருத்தி, அந்தப் பையன் எப்படிச் செத்தான் என்று மெல்லக் கேட்டாள். இதற்கென்றே எங்கள் ஊரில் இருக்கும் பதிலை அந்த அம்மாவின் பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள்.

"வயித்து வலி. பாவம், தாங்க முடியல."

முன்னால் நின்ற அந்த அம்மா திரும்பினார்.

"எவடி சொன்னது? எம்புள்ள வயிறு நல்லாத்தான் இருந்திச்சி. மனசு தாங்காம அவனே உசுர வுட்டான்."

"உன் மானத்துக்காகத்தான்க்கா சொன்னேன்."

"என் மானம் உனக்கு இன்னாத்துக்கு? அவன் பட்ட பாட்ட வயித்து வலின்னு மூடாத. போடி!"

இப்போது அவர் வந்தாலே எங்கள் பேச்சு நின்றுவிடுகிறது. அதுவும் அவருக்குப் பிடிக்கவில்லை. ஒவ்வொரு முகமாக முறைக்கிறார். அவனைப் பற்றி யாராவது கேட்கட்டும் என்றுதான் அப்படி நிற்கிறார் என்று எனக்குத் தோன்றுகிறது. கேட்க எனக்கு வாய் வரவில்லை.