நெளிகத்தியைக் காப்பாற்றியவர்

கம்பம் ஊரில் என் கொல்லுப் பட்டறையை மிஞ்ச ஆளில்லை. கைநாட்டாக இருந்து நானே உண்டாக்கியது. யுத்தம் முடிந்த சமயம், பழைய இரும்போடு ஒரு துருப்பிடித்த கத்தி வந்தது. பாம்பாக நெளிந்திருந்ததால், நிமிர்த்துவோம் என்று உலையில் வைக்கப் போனேன். எதிரே நின்ற குமுளி பஸ்ஸிலிருந்து ஒரு ஒல்லி மனிதர் குதித்து ஓடிவந்தார்.

"வைக்காதய்யா! அது மலாய்க்காரக கிரிஸ் கத்தி. நெளிச்சுத்தான் அடிப்பாக!"

"உங்க பஸ்ஸு போகுதுய்யா!"

"போகட்டும். எலுமிச்சம்பழம் இருக்கா?"

சாயங்காலம் வரை சாறு விட்டுத் தேய்த்தார். நடுநடுவே கத்தியை மோந்து பார்த்துக்கொண்டார். துருவுக்கடியிலிருந்து வெள்ளி வரிகள் ஆற்றுத் தண்ணீர் போலப் புறப்பட்டு வந்தன. நான் உலையை விட்டுவிட்டு அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டேன்!

"அய்யா, இங்கனயே இருந்துருங்க. பட்டறையில பாதி உங்களுக்கு!"

"நான் பினாங்குல ஜவுளிக்கடையில துணி கிழிச்சவன்யா. சுத்தியலே தொட்டதில்ல," என்று சிரித்தபடி கத்தியை என் கையில் கொடுத்துவிட்டு, கூடலூர்ப் பக்கம் நடந்துவிட்டார்.

எவனுக்கும் பாதி கொடுக்காதவன் நான். சுத்தியல் தொடாத கைக்கு அந்த இரும்பு எப்படிப் பிடிபட்டதோ, இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.