வியாழக்கிழமைத் தண்ணீர்

நாற்பதுகளில் மாட்டுங்காவில் எங்கள் தெருக் குழாய்களில் எத்தனை மணி நேரம் தண்ணீர் வரும் என்பதை முடிவு செய்தவர் என் அப்பா. அதில் எனக்கு ஏகப்பட்ட கர்வம். முனிசிபாலிட்டியின் தண்ணீர் இலாகாவில் அவர் குமாஸ்தா. மறுநாள் எந்தத் தெருவுக்கு எவ்வளவு தேவைப்படும் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டு, மாலையில் வீட்டுக்கு வரும் வால்வுக்காரனிடம் சீட்டு எழுதித் தருவார். கூட்டி எழுதினால் இங்கே தண்ணீர் சாக்கடையில் ஓடும். அடுத்த பேட்டையில் குழாய்கள் வெறும் காற்றை விடும். குறைத்து எழுதினால் எங்கள் தெரு அப்பாவைச் சும்மா விடாது.

எனக்குப் பத்து வயதாக இருந்தபோது, தாயும் தகப்பனும் போய்விட்ட அத்தை மகள் பாலக்காட்டிலிருந்து எங்களோடு தங்க வந்தாள். அவளுக்குப் பதினாறு வயது. அத்தங்கா என்று கூப்பிடுவேன். வந்த இரண்டே மாதத்தில் தெருவின் சமையலறைகள் எல்லாம் அவளுக்கு அத்துப்படி. ஒரு மாலை அப்பா சீட்டோடு விழித்துக்கொண்டிருந்தபோது அவள் சொன்னாள்: "நாளைக்கு வெள்ளிக்கிழமை, மாமா. நம்ம பொம்மனாட்டிகள் எல்லாரும் எண்ணெய் தேச்சுக் குளிப்பா. எதிர்க் கட்டிடத்து மராட்டிக்காராளுக்கு உபவாசம், பாத்திரமே விழாது. அங்கே குறைச்சு இங்கே கூட்டுங்கோ."

அப்பா அப்படியே எழுதினார். ஒரு சொட்டு வீணாகவில்லை, ஒருவரும் சண்டைக்கு வரவில்லை.

அன்றிலிருந்து தினமும் மாலையில் அப்பா அவளைத்தான் கூப்பிட்டார். அதுவரை நான் சீவிக்கொடுத்த சிவப்பு நீலப் பென்சில் அவள் கைக்குப் போயிற்று. "இவளோட கூர்மை எங்க ஆபீஸ்ல ஒருத்தனுக்குக் கிடையாது" என்று அம்மாவிடம் சொன்னார். நான் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன். மறுநாள் நானும், "சனிக்கிழமை பெரிய மழை வரும், குறைச்சு எழுதுங்கோப்பா" என்றேன். அப்பா சிரித்து என் தலையைத் தட்டினார். அத்தங்கா கையிலிருந்த பென்சிலைப் பிடுங்கி ஒடித்துப் போடலாம் போலிருந்தது எனக்கு.

தெருக்கோடியில் ஒரு குஜராத்தி வீட்டில் கல்யாணம் வந்தது. நானூறு பேருக்குச் சாப்பாடு என்று பேச்சு. அந்தத் திங்கட்கிழமை அத்தங்கா வீட்டுக்கு விலக்கு. வெளியே போக முடியாது. தூரத்தில் பாயில் உட்கார்ந்தபடி என்னிடம் கேட்டாள்: "கல்யாணம் வியாழக்கிழமையா, ஞாயித்துக்கிழமையான்னு கேட்டுண்டு வாயேன், கண்ணு."

கல்யாணப் பெண்ணின் தாயார் "குருவார், குருவார்" என்று சொல்லி என் கையில் ஒரு லட்டையும் வைத்தாள். குருவார் என்றால் வியாழன் என்று எனக்கு நன்றாகத் தெரியும். லட்டைத் தின்றுவிட்டு வீட்டுக்கு வந்து, "ஞாயித்துக்கிழமையாம்" என்றேன்.

வியாழன் காலை, வழக்கமான சீட்டின்படி ஏழு மணிக்கே குழாய்கள் நின்றன. கல்யாண வீட்டுக்காரர்கள் வெறும் அண்டாக்களைத் தூக்கிக்கொண்டு எங்கள் வாசலுக்கு வந்து கத்தினார்கள். அன்றுதான் விலக்கு முடிந்து தலைமுழுகியிருந்த அத்தங்கா, எங்கள் வீட்டுக் குடங்களை ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு கல்யாண வீட்டுக்கு ஓடினாள். அப்பா ஆபீசில் மேலதிகாரியிடம் வாங்கிக்கட்டிக்கொண்டு கறுத்த முகத்தோடு திரும்பினார்.

"ஞாயித்துக்கிழமைன்னு யார் சொன்னா?" என்று கேட்டார்.

அத்தங்கா என் பக்கம் திரும்பவே இல்லை. "நான்தான் தப்பாப் புரிஞ்சுண்டேன், மாமா" என்றாள்.

அப்பா பென்சிலை எடுத்துச் சட்டைப் பையில் செருகிக்கொண்டார். அன்று நான் மோருஞ்சாதம் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். பிறகு அப்பா எப்போதாவது யோசனை கேட்டால்கூட, "எனக்குத் தெரியலை, மாமா" என்று அத்தங்கா உள்ளே போய்விடுவாள். நான் ஜெயித்துவிட்டதாக நினைத்தேன்.

எத்தனையோ வருஷம் கழித்து, செம்பூரில் அவள் பிள்ளையின் வீட்டில் இதை அவளிடம் ஒப்புக்கொண்டேன். அவள் சிரித்தாள்.

"தெரியுமே. குடத்தோட போனபோதே பொண்ணோட அம்மா சொல்லிட்டா, உங்காத்துக் குழந்தைகிட்ட வியாழன்னுதானே சொன்னேன்னு."

"பின்னே ஏன் அப்பாகிட்ட சொல்லலை?"

"சொன்னா மாமா உனக்கு ரெண்டு வெச்சிருப்பார். மறுநாள் மாமி முன்னால நான் எப்படித் தட்டை வெச்சுண்டு உக்காரறது?"

தினமும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்துதான் சாப்பிட்டோம். எனக்குத் தானாக வந்த அந்தச் சோற்றை அவள் வேளாவேளைக்குச் சம்பாதிக்க வேண்டியிருந்தது என்பது அந்தப் பத்து வயதில் எனக்குத் தெரியவில்லை.